நீர் எப்படி வந்து சேர்கிறது? பவளத் தொட்டியின் நீரோட்டம் பற்றி ஓர் எளிய விளக்கம்

கடல்நீர்ப் பவளத் தொட்டி வைக்க ஆசைப்படுபவர்கள் முதலில் விளக்கைப் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் உப்பின் அளவு, வெப்பநிலை, கால்சியம். நீரோட்டத்தைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரும். அதுவும் பெரும்பாலும் "எத்தனை லிட்டர் பம்ப் வாங்கலாம்?" என்றுதான் வரும். ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரே தொட்டி, ஒரே பம்ப், ஒரே வேகம் என்று இருக்கும்போதே ஒரு பவளம் செழித்து வளரும். அதிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் இன்னொன்றின் சதை அதன் சுண்ணாம்பு எலும்பை விட்டு உரிந்துபோகும். இதற்கு எண் காரணம் சொல்லாது. நீர் அந்த உயிரிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தால்தான் புரியும்.

பவளத்தின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது ஒரு விலங்கு. ஆனால் ஒட்டிய இடத்தைவிட்டு நகர முடியாது. அதற்குச் செவுள் இல்லை, இதயம் இல்லை, ரத்தக் குழாய்கள் இல்லை. ஆக்சிஜன் உள்ளே வருவதும், கரியமில வாயுவும் அம்மோனியாவும் வெளியே போவதும் அதன் மெல்லிய சதையின் வழியாகத்தான். இரையைத் தேடிப் போகவும் வழியில்லை. மூச்சு, சாப்பாடு, கழிவு மூன்றையும் சுற்றியுள்ள நீர்தான் சுமந்து வரவேண்டும், சுமந்து போகவேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எந்தப் பரப்பின் மேல் நீர் ஓடினாலும், பரப்பை ஒட்டிய மிக மெல்லிய ஓர் அடுக்கு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். இதை எல்லைப் படலம் என்பார்கள். நீர் தேங்கி நிற்கும் இடத்தில் இந்தப் படலம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கோ அதற்கு மேலோ தடித்திருக்கும். நல்ல ஓட்டம் இருந்தால் அதில் ஒரு சிறு பங்காக மெலிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிய தூரமா என்று தோன்றலாம். ஆனால் படலத்துக்குள் ஓட்டம் இல்லாததால் ஆக்சிஜன் தானாகப் பரவித்தான் அதைக் கடக்க வேண்டும். பரவுதலுக்கு ஒரு கணக்கு உண்டு: தூரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் நேரம் நூறில் ஒரு பங்காகக் குறையும். ஒரு மில்லிமீட்டரைக் கடக்கச் சில நிமிடங்கள் ஆகுமென்றால், பத்தில் ஒரு மில்லிமீட்டரை இரண்டு மூன்று வினாடிகளில் கடந்துவிடலாம். பவளத்துக்கு நீரோட்டம் என்றால் முதன்மையாக இதுதான் பொருள். அந்தப் படலம் எவ்வளவு மெலிகிறதோ, பவளம் அவ்வளவு எளிதாக மூச்சு விடுகிறது.

பகலில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்ளும். நாம் வளர்க்கும் பெரும்பாலான பவளங்களின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியில் சர்க்கரை தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கின்றன, கூடவே ஆக்சிஜனை வெளியிடுகின்றன. நீர் அசையாமல் நின்றால் அந்த ஆக்சிஜன் போக வழியில்லாமல், பவளத்தின் மேற்பரப்பில் வழக்கமான அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்கூடத் தேங்கும். ஆக்சிஜன் நல்லதுதானே என்று நினைப்போம். அளவு மீறினால் அதுவே உயிரணுக்களைச் சிதைக்கும். இரவில் கதை தலைகீழ். ஒளி இல்லை, பாசியும் பவளமும் சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கின்றன. தேங்கிய நீரில் பவளத்தின் மேற்பரப்பில் அது ஏறக்குறைய வற்றிப்போகும். விளக்கின் வலுவைக் கூட்டும்போது ஓட்டத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு அடிப்படை இதுவே.

1998இல் உலகெங்கும் கடல் சூடாகி, பவளங்கள் தமக்குள் இருக்கும் பாசியை இழந்து வெளுத்தன. அந்த ஆண்டு ஜப்பானின் ஓகினாவா பகுதியில் பார்த்ததை வைத்து நகாமுரா, வான் வோசிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே வகை அக்ரோபோரா பவளத்தைச் சூடான நீரில், சிலவற்றை வேகமான ஓட்டத்திலும் சிலவற்றை மெதுவான ஓட்டத்திலும் வைத்துப் பார்த்தார்கள். வேகமான ஓட்டத்தில் இருந்தவை தாக்குப்பிடித்தன. மெதுவான ஓட்டத்தில் இருந்தவை பெருமளவு செத்தன. வெயில் காலத்தில் தொட்டியின் வெப்பநிலை ஏறினால் பம்பின் வேகத்தைக் குறைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

கடலில் சில உயிர்கள் இந்தத் தேவையைத் தீர்த்துக்கொண்டிருக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஜீனியா என்ற மென்பவளம் தன் கைகளை மூடி மூடித் திறந்தபடியே இருக்கும். அந்தத் துடிப்பு சுற்றியுள்ள நீரைக் கலக்கி, தேங்கும் ஆக்சிஜனை விரட்டி, உள்ளிருக்கும் பாசியின் உற்பத்தியைக் கூட்டுகிறது. செங்கடலில் டேசிலஸ் என்ற சிறு மீன்கள் இரவில் பவளக் கிளைகளுக்கு நடுவே தூங்கும்போதும் துடுப்புகளை வேகமாக அடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அசைவால் கிளைகளின் உட்புறத்துக்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. கோமாளி மீனும் அப்படித்தான். இரவில் அது கடல் சாமந்தி (அனிமோன்) என்ற கொட்டும் உயிரின் மடியில் புரண்டு புரண்டு நீரைக் கிளறிவிடுகிறது. இரண்டும் சேர்ந்திருக்கும்போது தனித்தனியாக இருப்பதைவிட அதிக ஆக்சிஜனை உட்கொள்கின்றன என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

சரி, ஓட்டம் இவ்வளவு நல்லது என்றால் கூட்டிக்கொண்டே போகலாமே?

முடியாது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது ஒரு பொருளைத் தள்ளும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. பம்பின் அமைப்பில் ஒரு படி ஏற்றும்போது நமக்கு அது ஒரு படி. பவளத்தின் மெல்லிய சதைக்கு அது அப்படி இல்லை. சதை பவளத்தின் சொந்தச் சுண்ணாம்பு எலும்பின் கூரான விளிம்புகள் மீது திரும்பத் திரும்பத் தேய்ந்து கிழியும். கிழிந்த இடத்தில் கிருமி சேரும்.

இரை பிடிப்பதும் கெட்டுப்போகும். ஓட்டம் மிகக் குறைவாக இருந்தால் உணவுத் துணுக்கு பவளத்தின் பக்கம் வராது. மிக அதிகமானால் உணர்கொம்புகள் மடங்கிப் படுத்துவிடும், துணுக்கு தொட்ட கையோடு பறந்துபோகும். நடுத்தரமான ஓட்டத்தில்தான் அதிகம் பிடிபடும். அந்த நடுத்தரம் ஒவ்வோர் இனத்துக்கும் ஒவ்வொரு மாதிரி.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். 200 லிட்டர் தொட்டியில் மணிக்கு 4,000 லிட்டர் தள்ளும் பம்ப் வைத்தால், தொட்டியின் கொள்ளளவைப் போல 20 மடங்கு நீர் ஒரு மணி நேரத்தில் புரள்கிறது என்பார்கள். பாலிப் என்பது பவளத்தில் வாயும் உணர்கொம்புகளும் கொண்ட ஒவ்வொரு தனி உடல். மென்பவளங்களுக்கும் சதைப்பற்றுள்ள பெரிய பாலிப் பவளங்களுக்கும் 10 முதல் 20 மடங்கு, சிறிய பாலிப் கொண்ட அக்ரோபோரா வகைகளுக்கு 30 முதல் 50 மடங்கு அல்லது அதற்கும் மேல் என்று ஒரு வழக்கக் கணக்கு உண்டு. பம்ப் வாங்கும்போது மட்டும் இது உதவும். வாங்கி வந்தபின் மறந்துவிடலாம். அதே 4,000 லிட்டர் கட்டைவிரல் அளவு வாயிலிருந்து பீய்ச்சியடித்தால் எதிரே இருப்பதை உரித்துவிடும். உள்ளங்கை அளவு அகன்ற வாயிலிருந்து பரவி வந்தால் அதே நீர் பவளத்தை வருடிச் செல்லும்.

திசை அதைவிட முக்கியம் என்பது என் கருத்து. ஆழம் குறைந்த பவளப் பாறைகளில் அலை மோதும்போது ஓட்டம் நம் தொட்டிகளில் இருப்பதைவிட மிக வேகமானது. அங்கே அக்ரோபோரா நன்றாக வாழ்கிறது. ஆனால் அலை வரும், போகும். சில வினாடிகளுக்கு ஒருமுறை திசை மாறும். ஒரு பக்கம் அடி வாங்கினால் அடுத்த நொடி அந்தப் பக்கத்துக்கு ஓய்வு. தொட்டியில் ஒரே இடத்தில் பொருத்திய பம்ப் பவளத்தின் ஒரே பக்கத்தை இரவும் பகலும் தள்ளிக்கொண்டிருக்கிறது. மறுபக்கம் நிழலில் தேங்கிய நீர். ஒரே பவளத்துக்கு ஒரு பக்கம் அளவு மீறிய ஓட்டம், மறு பக்கம் பற்றாக்குறை.

ஹவாயில் உள்ள வைகிகி அக்வேரியத்தில் புரூஸ் கார்ல்சன் செய்த ஏற்பாடு இந்தச் சிக்கலைத்தான் தீர்த்தது. தொட்டிக்கு மேலே ஒரு கலனில் நீர் மெதுவாக நிரம்பும். குறிப்பிட்ட அளவு வந்ததும் சைஃபன் என்ற வளைகுழாய் தானாக வேலை செய்து மொத்தமும் ஒரே வீச்சில் தொட்டிக்குள் பாயும். மறுபடி நிரம்பும். கடலலையைப் போலவே பொங்குவதும் அடங்குவதும் மாறி மாறி வரும். இன்று வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வேவ்மேக்கர் என்ற பம்புகள் வந்துவிட்டதால் மேலே கலன் வைக்க வேண்டியதில்லை. இரண்டு சிறிய வேவ்மேக்கர்களை எதிரெதிர்ச் சுவர்களில் வைத்து, ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி அமைத்தால், ஒரு பெரிய பம்பைவிடப் பல மடங்கு நல்ல பலன் கிடைக்கும். இரண்டு ஓட்டங்களும் நேருக்கு நேர் மோதிச் சிதறும் இடத்தில் நீர் எந்தத் திசையும் இல்லாமல் சுழித்துக்கொண்டிருக்கும். பவளங்களுக்கு அந்தச் சுழிப்பு மிகவும் பிடிக்கும்.

என் தொட்டியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஹேமர் வகைப் பவளம் ஒன்றின் சதை இடப்பக்கம் மட்டும் மெல்லச் சுருங்கிக்கொண்டே வந்தது. நீரைச் சோதித்தேன். உப்பைச் சரிபார்த்தேன். மூன்று வாரம் எதை எதையோ கூட்டிக் குறைத்தேன். ஒரு மாலை தொட்டியின் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பம்பின் நீர் எதிர்க் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, நேராக அந்த இடப்பக்கத்தில் மோதிக்கொண்டிருந்தது. பம்ப் பவளத்தைப் பார்த்தபடி இல்லவே இல்லை, அதனால் அதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. பம்பை இரண்டு விரல்கடை மேலே திருப்பினேன். சுருங்குவது நின்றது. உரிந்த இடம் திரும்பி வளர மாதங்கள் ஆயின. அந்தப் பவளம் அனுபவித்ததை நினைத்தால் இன்றும் மனது சங்கடப்படுகிறது.

யாருக்கு எது

அக்ரோபோரா, மான்டிபோரா போன்றவை வலுவான, மாறிக்கொண்டே இருக்கும் ஓட்டத்தைக் கேட்கும். போசிலோபோரா என்ற பவளம் ஓட்டத்துக்கேற்பத் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும்: அலை அடிக்கும் இடத்தில் தடித்த, நெருக்கமான கிளைகள், அமைதியான இடத்தில் மெலிந்த, விரிந்த கிளைகள். கடல் விசிறிகள் ஓட்டத்துக்குக் குறுக்கே வலை விரிப்பது போல வளர்கின்றன. ஓட்டம் போதாவிட்டால் பாலிப்களை மூடிக்கொள்ளும், மேலே பாசி படரும்.

ஹேமர், டார்ச், கோனியோபோரா போன்ற சதைப்பற்றுள்ளவை காற்றில் பயிர் அசைவது போல மெதுவாக அசைந்தால் போதும். ஒரே பக்கம் சாய்ந்தே நின்றால் அதிகம். அசைவே இல்லாவிட்டால் குறைவு. மணலில் அமரும் திறந்த மூளைப் பவளத்துக்கு ஓட்டத்தைவிட ஓட்டம் கிளப்பும் மணல்தான் ஆபத்து. மணல் துகள்கள் சதைமேல் குவிந்தால் அது சளி சுரந்து தள்ளியே களைத்துவிடும். காளான் பவளங்கள் அமைதியான மூலையிலும் பிழைக்கும். தோல் பவளம் என்று நாம் சொல்லும் சார்கோஃபைட்டன் அவ்வப்போது பல நாட்கள் மூடிக்கொண்டு, மேலே மெழுகு போன்ற ஒரு படலத்தை உருவாக்கி உரிக்கும். புதிதாக வளர்ப்பவர்கள் அது சாகிறது என்று பயந்துவிடுவார்கள். அந்த நாட்களில் கொஞ்சம் நல்ல ஓட்டம் கொடுத்தால் படலம் விரைவில் உரிந்துபோகும், அவ்வளவுதான்.

கடல் சாமந்திக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அதற்கு ஓட்டம் பிடிக்காவிட்டால் பவளத்தைப் போலப் பொறுத்துக்கொண்டு இருக்காது. கிளம்பி நடக்கும். பெரும்பாலும் இரவில். நடந்து போகிற வழியில் பம்பின் உறிஞ்சு வாயில் சிக்கினால் அது துண்டு துண்டாகும். துண்டுகளோடு அதன் கொட்டும் உயிரணுக்களும் தொட்டி முழுக்கப் பரவி மற்ற உயிர்களையும் கொல்லக்கூடும். கடல் அட்டையும் அதே வகை ஆபத்து. பம்பில் சிக்கினால் அது வெளிவிடும் நஞ்சு மீன்களைக் கொல்லும். இவற்றில் எதை வளர்த்தாலும் உறிஞ்சு வாய்க்கு நுரைப்பஞ்சு உறையோ வலையோ போடாமல் இருக்கவே கூடாது. உறை ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கும், அடிக்கடி கழுவ வேண்டும். பரவாயில்லை.

மீன்கள் நகரக்கூடியவை என்பதால் அவற்றுக்குத் தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வை நாம் கொடுக்க வேண்டும். ராஸ் மீன் குடும்பத்தில் அலை மோதும் இடங்களில் வாழும் இனங்களுக்கு மார்புத் துடுப்பு இறக்கை போல நீண்டு கூராக இருக்கும். அமைதியான இடங்களில் வாழ்பவற்றுக்கு வட்டமாக இருக்கும். சர்ஜன் மீன்களும் ஆந்தியாஸ்களும் ஓட்டத்தை எதிர்த்து நீந்துவதில் மகிழ்ச்சியாகவே தெரிகின்றன. அவற்றின் உடல் அதற்காகவே அமைந்தது. அதே தொட்டியில் அடியில் ஊர்ந்து நுண்ணிய இரையைக் கொத்தும் மாண்டரின் மீனுக்குப் பாறை மறைவில் காற்றில்லாத் திண்ணை மாதிரி ஓர் இடம் வேண்டும். தூங்கவும் எல்லா மீனுக்கும் அப்படி ஓர் இடம் தேவை. ஒரு மீன் எப்போதும் மூலையிலேயே பதுங்குவது, துடுப்புகளை ஒடுக்கி வைத்திருப்பது, உணவு கண்முன் பறந்தும் துரத்தாமல் விடுவது: இவை களைப்பின் அடையாளங்கள். நோய் என்று மருந்தைத் தேடுவதற்கு முன் ஒரு நாள் பம்பைக் குறைத்துப் பாருங்கள்.

கடல் குதிரையைப் பவளத் தொட்டியில் விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். முதுகில் இருக்கும் சிறு துடுப்பை அடித்து நகரும் அந்த உயிர், வாலால் எதையாவது பற்றிக்கொண்டு இரை வரக் காத்திருப்பது. அக்ரோபோராவுக்கு ஏற்ற ஓட்டத்தில் அதனால் சாப்பிடக்கூட முடியாது. ஜெல்லி மீனுக்கு மூலைகளும் உறிஞ்சு வாயும் உள்ள சாதாரணத் தொட்டியே ஒத்துவராது. அதற்கென்று நீர் மெதுவாக வட்டமாகச் சுழலும் உருண்டைத் தொட்டிகள் உண்டு. கிரைசல் என்று பெயர். ஜெர்மன் மொழியில் பம்பரம்.

ராட்சத மட்டி ஓட்டத்தைப் பொறுக்கும், ஆனால் நேராக அடித்தால் வெளியே விரித்திருக்கும் மேலாடை போன்ற சதை மடங்கி, விரியாமலேயே கிடக்கும். நத்தை, துறவி நண்டு, கடல் முள்ளெலி இவற்றுக்கெல்லாம் பிடிமானம் அதிகம். கவலை வேண்டாம்.

கண்ணால் அளப்பது

கருவி எதுவும் வேண்டாம். தொட்டியின் கண்ணாடியில் 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு குறிகள் வையுங்கள். ஒரு சிட்டிகை மீன் உணவை ஈரமாக்கி அந்த இடத்தில் விட்டு, கைபேசியில் படம் பிடியுங்கள். துணுக்கு ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு ஒரு வினாடியில் போனால் வேகம் வினாடிக்கு 10 சென்டிமீட்டர். அரை வினாடியில் போனால் 20. தொட்டியின் நான்கைந்து இடங்களில் இதைச் செய்தால், ஒரே பம்ப் எத்தனை விதமான இடங்களை உண்டாக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பாறைக்குப் பின்னால் துணுக்குகள் போய்ச் சேர்ந்து அங்கேயே தங்கினால் அது தேக்கம். கழிவு அங்கே படியும். கொஞ்ச நாளில் கருஞ்சிவப்பான வழுவழுப்புப் படலம் வளரும். பம்பைக் கூட்டுவதைவிட அங்கே இருக்கும் பாறையைக் கொஞ்சம் நகர்த்தி நீருக்கு வழிவிடுவது பல நேரம் போதும்.

நீர்மட்டத்தையும் பாருங்கள். மேற்பரப்பு கண்ணாடி போல அசைவின்றி இருந்தால் காற்றிலிருந்து ஆக்சிஜன் சரியாகக் கலக்காது. உப்புநீரில் நன்னீரைவிடக் குறைவாகவே ஆக்சிஜன் கரையும், சூடானால் இன்னும் குறையும். ஒரு பம்பாவது மேற்பரப்பைக் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் பவளத் தொட்டியில் முதலில் தீர்வது இந்த ஆக்சிஜன்தான். விளக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஓட்டம் சில மணி நேரம் இல்லாவிட்டால் மீன்கள் சாகத் தொடங்கலாம். மின்கலத்தில் ஓடும் ஒரு சிறு காற்றுப் பம்ப் கைவசம் இருக்கட்டும்.

உணவு கொடுக்கும்போது பம்புகளைப் பத்துப் பதினைந்து நிமிடம் குறைத்துவிட்டு, பிறகு மறக்காமல் ஏற்றுங்கள். இதற்கென்றே பல வேவ்மேக்கர்களில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் தானே அடங்கித் தானே திரும்பும்.

புதிய பவளத்தைக் கொண்டுவந்தவுடன் அதற்குரிய முழு ஓட்டத்திலும் வைக்காதீர்கள். கீழே, அமைதியான பக்கம் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். இதே பொறுமை பம்பைக் கழுவும்போதும் வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மாதங்கள் போகப் போகப் பம்பின் உள்ளே சுண்ணாம்பும் இளஞ்சிவப்புப் பாசியும் படிந்து அதன் வலு நமக்குத் தெரியாமலேயே குறைந்துகொண்டு வரும். பவளங்கள் அந்தக் குறைந்த ஓட்டத்துக்குப் பழகிவிடும். ஒரு நாள் வினிகரில் ஊறவைத்துச் சுத்தமாகத் தேய்த்து, பழைய அமைப்பிலேயே திரும்ப ஓட்டினால், ஒரே நிமிடத்தில் அவற்றின் மேல் புதிய பம்பின் வேகம் பாயும். நான் இப்போது கழுவி மாட்டியதும் பாதி வேகத்தில் தொடங்கி, ஒரு வாரம் எடுத்துக்கொண்டு ஏற்றுகிறேன். கழுவும் இடைவெளியையும் குறைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றால் படிவதும் குறைவு, திடீர் மாற்றமும் குறைவு.

எதிர்த்திசையிலும் இதே மாற்றம் நடக்கும். பவளம் வளரும். சிறு குச்சியாக வைத்த அக்ரோபோரா இரண்டு ஆண்டில் ஒரு புதர் ஆகும். அதன் கிளைகளே நீரை மறிக்கும், உள்பக்கக் கிளைகள் அடியிலிருந்து வெளுக்கும், பின்னால் இருக்கும் பவளத்துக்கு ஓட்டமே போகாது. அப்போது முன்பு சரியாக இருந்த எந்த அமைப்பும் சரியாக இருக்காது. மறுபடியும் அந்தச் சிட்டிகை உணவையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு தொட்டியின் பக்கவாட்டில் உட்கார வேண்டியதுதான்.